பாஸ்புக் உறைக்குள் இருந்த சிம்

மன்னார்குடியில் கைப்பேசி விற்பனையும் ரீசார்ஜும் செய்யும் சிறு கடையைப் பதினாறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு வடுவூர் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, வங்கிப் பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் சுற்றிய சிம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். துபாயில் மகன் வீட்டில் எட்டு மாதம் தங்கியிருந்து திரும்பியவர் அவர். "தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா கழட்டி வச்சிருந்தேன் தம்பி, இப்பப் போட்டா டவரே வரலை" என்றார். அந்த எண்ணுக்கு என் போனிலிருந்து அழைத்தேன். திருப்பூரிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஓர் இளைஞர் எடுத்தார். எண் தமக்குப் புதிதாகக் கிடைத்தது என்றார். அந்த அம்மாவின் வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு இணைப்பு மூன்றும் அந்த எண்ணோடுதான் இணைந்திருந்தன.

ப்ரீபெய்டு சிம்மைப் பத்திரமாக வைத்திருப்பதால் மட்டும் எண் நம்மிடம் நிற்பதில்லை. அழைப்பு, குறுஞ்செய்தி, இணையம் என எந்தப் பயன்பாடும் இல்லாமல் தொடர்ந்து 90 நாள் கடந்துவிட்டால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் வரை வேறு யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதற்குப் பிறகு அந்த எண் யாருக்கும் போகலாம், நம் வங்கி அனுப்பும் ஓடிபியும் அவருக்கே போகும். இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. டிராய் 2013இல் கொண்டுவந்த விதிப்படி, கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாத இருப்பு இருந்தால், பயன்பாடே இல்லாவிட்டாலும் அந்த 20 ரூபாயைப் பிடித்துக்கொண்டு இணைப்பை 30 நாள் நீட்டிக்க வேண்டும். டாப்-அப், அதாவது பணமாகவே கணக்கில் போட்டு வைத்த இருப்புதான் இதற்குக் கணக்கு, அன்லிமிடெட் பேக்குக்குக் கட்டிய பணம் சேராது. எண் கைவிட்டுப் போகாமலிருக்க மட்டுமே இது உதவும். அழைப்பும் ஓடிபியும் தவறாமல் வர வேண்டுமென்றால் திட்டம் நடப்பில் இருந்தே ஆக வேண்டும்.

ஊரிலேயே இருக்கும் பெரியவர்களின் சிக்கல் வேறு. "போன மாசம் பத்தாம் தேதிதானே போட்டேன்" என்று பத்தாம் தேதி வரும்போது, 28 நாள் திட்டம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை என்று நினைத்தவர் பதின்மூன்று முறை கட்டுகிறார். 30 நாள் திட்டமும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டுமென்று 2022லேயே டிராய் உத்தரவிட்டிருக்கிறது. கேட்டால்தான் கடையில் சொல்வார்கள். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு டேட்டா எதற்கு? டிராயின் 2024 டிசம்பர் உத்தரவுக்குப் பிறகு, பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் வந்துவிட்டன. 365 நாள் வரை செல்லுபடியாகும் திட்டங்களும் உண்டு. மொத்தமாகக் கட்ட முடிந்தால், தனியாக இருக்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் இதைத்தான் போட்டுத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முடியாதவர்களுக்கு, முடிவுத் தேதியை வீட்டு நாள்காட்டியில் அவர்கள் கண்ணெதிரே சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுக்கச் சொல்கிறேன்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்சாரமும் இல்லை, டவரும் இல்லை; சிக்னல் மெல்லத் திரும்பிய பிறகு, வேலிடிட்டி முடிந்திருந்தவர்கள் கடைவாசலில் நின்றார்கள், எனக்கோ ரீசார்ஜ் செய்து தர இணையம் இல்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே, மார்கழி தாண்டி நிற்கும்படி வேலிடிட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காசி, திருப்பதி என்று இந்தியாவுக்குள் போகிறவர்களுக்கு இப்போது ரோமிங் கவலை இல்லை, உள்ளூர்த் திட்டமே செல்லும். ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் விலக்கு: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்வதில்லை, போஸ்ட்பெய்டுக்குத்தான் ரோமிங் கிடைக்கும். வைஷ்ணவ தேவிக்கும் அமர்நாத்துக்கும் குழுவாகக் கிளம்புகிறவர்கள் இது தெரியாமல் போய், ஒருவரையொருவர் தொடர்புகொள்ள முடியாமல் தவித்ததை வந்து சொல்லியிருக்கிறார்கள். குழுவில் இருவராவது போஸ்ட்பெய்டு எண் வைத்திருக்க வேண்டும், அந்த எண்கள் வீட்டாரிடமும் இருக்க வேண்டும்.

வெளிநாடு செல்கிறவர்கள் சர்வதேச ரோமிங் வசதியைத் திருச்சி விமானநிலையத்துக்குக் கிளம்பும் முன்பே செயல்படுத்திவிட வேண்டும். அங்கே வாங்கும் சிம்மில் இணையத்தை வைத்துக்கொண்டு, நம் ஊர்ச் சிம்மை இரண்டாவது இடத்தில் விட்டு, அதன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டால் போதும். அதில் வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, ஆனால் அழைப்பை எடுத்தாலே காசு போகும் என்பதை வயதானவர்களுக்கு இருமுறை சொல்லி அனுப்ப வேண்டும்.

அந்த அம்மா வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் எரிவாயு ஏஜென்சிக்குமாக மூன்று வாரம் அலைந்து புதிய எண்ணை இணைத்தார். இந்தத் தையில் மறுபடி துபாய் கிளம்பும் முன் கடைக்கு வந்தார். ஓராண்டுத் திட்டம் போட்டு, ரோமிங் திறந்து, டாப்-அப்பும் போட்டுக் கொடுத்தேன். சிம் இப்போது அவர் போனிலேயே இருக்கிறது.