கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டு மாடியறைதான் என் ஸ்டுடியோ. 2டி கார்ட்டூன்களுக்கு கேரக்டர் வரைந்து அசைய வைப்பது தொழில். மே மாதம் பிறந்தால், பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்கோ கொச்சிக்கோ அனிமேஷன் படிக்க அனுப்ப நினைக்கிறவர்கள் படியேறி வருவார்கள். இந்த முறை ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, ஒன்றரை லட்சம் கட்டச் சொல்றாங்க. பையன் நல்லா வரைவான். கட்டலாமுங்களா?"

"இப்பக் கட்டாதீங்கக்கா" என்றேன். காரணம் இருக்கிறது.

போன வருடம், அப்படியொரு கோர்ஸ் முடித்த தம்பி ஒருவர், தான் செய்தவற்றைத் தொகுத்த ஷோரீலைக் கொண்டுவந்தார். பின்னணி பளபளப்பாக இருந்தது. ஆனால் கதாநாயகன் நடந்தபோது, ஊன்றிய கால் தரையில் வழுக்கிக்கொண்டே போனது. கேரக்டரும், அதை அசைக்க உள்ளே பூட்டுகிற எலும்புக்கூடு போன்ற ரிக்கும் இணையத்தில் இறக்கியவை. சாஃப்ட்வேரில் எந்தப் பட்டன் எங்கே என்று அவருக்கு அத்துப்படி. ஒரு தாளைக் கொடுத்து, "தண்ணி நிறைஞ்ச குடத்தை இடுப்புல வெச்சு ஒரு அம்மா நடந்து வர்றாங்க, நாலே படம் போடுப்பா" என்றேன். நிமிர்ந்து நிற்கிற ஓர் உருவத்தின் பக்கத்தில் குடத்தை ஒட்ட வைத்தாற்போல வரைந்தார். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவர்.

இருவரும் மாடிச் சுவரோரம் நின்று தெருவைப் பார்த்தோம். குடம் இடது இடுப்பில் இருந்தால் அந்த இடுப்பு வெளியே தள்ளுகிறது, மேலுடம்பு வலப்பக்கம் சாய்கிறது. வலது கை உடம்பை விட்டு விலகி நின்று சமன் செய்கிறது. எடுத்து வைக்கிற எட்டு சின்னதாகிறது. தண்ணீர் அலம்பக் கூடாதென்று தலை அதிகம் ஏறி இறங்குவதில்லை. அதே அம்மா வெறுங்குடத்தோடு திரும்பி வரும்போது இது ஒன்றுமே இல்லை. வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படம் என்று வைத்தால், சாதாரண நடையில் எடுத்து வைக்கிற ஓர் எட்டுக்கு சுமார் 12 ஃபிரேம் போதும். நிறைகுடத்துக்கு நான் 16 கொடுப்பேன். அந்த 4 ஃபிரேமில்தான் கனம் இருக்கிறது. இதை எந்த மெனுவிலும் தேடி எடுக்க முடியாது.

கேரக்டர் டிசைனும் இப்படித்தான். நம் பாலக்காட்டு பகவதி கோவில்களின் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். கம்பராமாயணப் பாட்டுதான் அங்கே ஒலிக்கும். 21 விளக்கு வெளிச்சத்தில் திரையில் விழும் நிழலைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடலாம். உட்கார்ந்த ராமனுக்கு ஒரு பாவை, போரிடும் ராமனுக்கு வேறொரு பாவை. அசையும் கையை மூட்டில் இணைத்திருப்பார்கள். இன்று, உறுப்புகளைத் தனித்தனியே வெட்டி இணைத்து அசைக்கிற கட்அவுட் அனிமேஷனில், உறுப்பு சுழலும் புள்ளியாக நாங்கள் வைக்கிற பிவட் பாயிண்ட் அதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் கேரக்டரை முழுக்கக் கறுப்பாக்கிப் பாருங்கள். யாரென்று தெரியவில்லையா, சட்டையின் நிறத்தை மாற்றிப் பயனில்லை, உருவத்தையே மாற்ற வேண்டும். அப்புறம் முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மாடல் ஷீட் போடுங்கள். ஒரு பக்கத்தில் இருக்கிற மூக்கு அடுத்ததில் காணாமல் போவதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

சாஃப்ட்வேருக்குப் பணமே வேண்டாம். கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டரின் கிரீஸ் பென்சில் எல்லாம் இலவசம்.

உதட்டசைவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். கோர்ஸில் கொடுக்கிற வாய் வடிவங்கள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளுக்கு வரைந்தவை. தமிழில் ம்ம, ப்ப என்று உதடு ஒட்டும் மெய் இரட்டித்து வந்தால் வாய் கூடுதல் நேரம் மூடியிருக்கும். "ஆமா" என்பதற்கு உதடு 2 ஃபிரேம் ஒட்டினால், "அம்மா"வுக்கு 4 ஃபிரேமாவது ஒட்ட வேண்டும். கண்ணாடி முன்னால் "அப்பா" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், புரியும். மூடிய வாயைச் சரியான ஃபிரேமில் வைத்துவிட்டால், மற்ற வடிவங்கள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பார்க்கிறவர் மன்னித்துவிடுவார்.

மூன்று மாதம் இப்படித் தாளிலும் இலவச சாஃப்ட்வேரிலும் உழைத்த பிறகும் பிள்ளைக்கு ஆசை குறையவில்லை என்றால், சரி, கோர்ஸ் பாருங்கள். ஆளை உட்கார வைத்து வரையும் வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். போன பேட்ச் மாணவர்களின் ரீலைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். கேரக்டர் அவர்களே வரைந்ததா என்றும் கேளுங்கள். நூறு சதவீதம் வேலை நிச்சயம் என்று வாயால் சொல்கிறவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

அந்த அக்காவின் மகன் இப்போது சனிக்கிழமைதோறும் நோட்டோடு வருகிறான். அவன் குடத்துக்கு இப்போது கனம் வந்துவிட்டது, வலது கைதான் இன்னும் உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. லாரி ஹாரன் கேட்டால் பென்சிலோடு எழுந்து மாடிச் சுவருக்கு ஓடிவிடுகிறான்.