டிபி மருந்தோடு மாதம் 1,000 ரூபாய்: யாருக்கு, எப்படி?

காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம் என்பது ஊரறிந்த விஷயம். சிகிச்சை முடியும்வரை சாப்பாட்டுக்கென்று மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நிக்ஷய் போஷண் யோஜனா என்னும் இந்த ஒன்றிய அரசுத் திட்டம் 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது. 2024 நவம்பர் 1 முதல் தொகை இரட்டிப்பானது.

சாப்பாட்டுக்கு ஏன் பணம்? கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் காசநோய் வந்துவிடாது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படும். சர்க்கரை நோய், எச்ஐவி, புகை, மது, கல்குவாரித் தூசு எல்லாம் அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. இந்தியாவில் இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது ஊட்டச்சத்துக் குறைவு. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்த நாட்டில்தான் இருக்கிறார். சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடுகிறவர்கள் பிழைக்கும் வாய்ப்பும் அதிகம்.

வருமான வரம்பு கிடையாது. காசநோயாளிகளைப் பதிந்து வைக்கும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவான எந்த நோயாளிக்கும் பணம் உண்டு. தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்களுக்கும்தான். தனியார் மருத்துவர்களும் நோயாளியின் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். ஆகவே தனியாரிடம் போகிறவர்கள் முதல் நாளே "நிக்ஷயில் பதிந்துவிட்டீர்களா?" என்று கேட்டு, பதிவு எண்ணை வாங்கிக்கொள்வது நல்லது.

ஆறு மாதச் சிகிச்சை என்றால் தொடக்கத்தில் 3,000, 84 நாள் மருந்து முடிந்ததும் 3,000. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிகிச்சை நீண்டால் உதவியும் நீளும். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 18.5-க்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்து மாவு போன்ற ஊட்ட உணவும் தனியாக உண்டு.

பணம் சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் வங்கிதான். கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, பெயர் ஒத்துப்போகிறதா, கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காசநோய்ப் பணியாளரைக் கேட்கலாம். 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கும் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. 2023-இல் முடிவு வெளியானது. ஆனால் இந்தப் பணம் நோயாளி ஒருவருக்கே. வீட்டாருக்கு உணவுப் பை வேண்டுமென்றால் நிக்ஷய் மித்ரா என்ற ஏற்பாட்டில் கொடையாளர் யாராவது முன்வர வேண்டும். வீட்டாருக்குப் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் மட்டும் அரசே இலவசமாகத் தருகிறது.