"ஓம் சேர்" என்ற பதிலை எவ்வளவு நம்பலாம்?

"விளங்கிச்சா பிள்ளைகள்?" என்று கேட்டால் திருகோணமலையில் எந்த வகுப்பிலும் ஒரே பதில்தான்: "ஓம் சேர்!" முன்வரிசை சத்தமாகச் சொல்லும், பின்வரிசை தலையாட்டும். அந்த "ஓம்" எத்தனை பேருடையது என்பது தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அதற்குள் அந்த அலகு முடிந்து மாதக்கணக்காகியிருக்கும். கையுயர்த்தச் சொன்னாலும் இதே கதைதான். கெட்டிக்காரப் பிள்ளை எந்த விடைக்குக் கை தூக்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றக் கைகள் எழும்பும்.

நான் விஞ்ஞானம் படிப்பிப்பவன். மூதூர், நிலாவெளிப் பக்கங்களுக்கு ஆசிரியர் பயிற்சிகளில் வளவாளராகவும் போய்வருகிறேன். அண்மைக்காலமாக அதிபர்மார் அடிக்கடி கேட்பது: "சேர், அந்தக் கிளிக்கர் செட் ஒன்று வாங்கலாமா? பழைய மாணவர் சங்கம் காசு தரத் தயார்." வாங்கலாம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். உறை பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடக்கும் செட்டுகளையும் கண்டிருக்கிறேன்.

கிளிக்கர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கருவி. நாலைந்து பொத்தான்கள் இருக்கும். திரையில் பல்தேர்வு வினா ஒன்று வரும். பிள்ளை தன் விடைக்குரிய பொத்தானை அழுத்தும். ஆசிரியரின் கணினியில் செருகிய ரிசீவர் அதைப் பிடித்து, எந்த விடைக்கு எத்தனை பேர் என்று சலாகை வரைபாகக் காட்டும். யார் எதை அழுத்தினார் என்பது பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. கருவியின் பெறுமதியில் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது என்பேன். பிழை சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம் இல்லாவிட்டால், பிள்ளை உண்மையில் என்ன நினைக்கிறது என்பது வெளியே வரும்.

இது புதுச் சரக்கும் இல்லை. 1960களிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் கதிரையோடு வயரால் பொருத்திய பொத்தான்கள் இருந்தன. ஆனால் வாக்கெடுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெளிவாகக் காட்டியவர் ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர். சூத்திரம் போட்டுக் கணக்குச் செய்யும் மாணவர்கள் அதே விடயத்தின் அடிப்படைக் கேள்வியில் தடுமாறுவதைக் கண்டு, 1991இல் விரிவுரை முறையையே மாற்றினார். முதலில் தனியே யோசித்து வாக்களிக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், அப்புறம் திரும்ப வாக்களிக்க வேண்டும். முதல் வாக்கில் 30 சதவீதத்துக்கும் குறைவானோர்தான் சரியென்றால் பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடைப்பட்டால்தான் வாதத்துக்கு விடுவது. ஆரம்பத்தில் அவரும் கருவி இல்லாமல், கையையும் அட்டையையும் உயர்த்த வைத்துத்தான் இதைச் செய்தார்.

தரம் 9இல் நான் போடும் கேள்வி ஒன்று: திருகோணமலையில் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது எப்போது? தினமும், வருடத்தில் ஒரு நாள், வருடத்தில் இரண்டு நாள், ஒருபோதுமில்லை என்று நாலு விடைகள். முதல் வாக்கில் "தினமும்" சலாகைதான் உயர்ந்து நிற்கும். அதில் ஆச்சரியம் இல்லை. "பன்னிரண்டு மணி வெயில் உச்சந்தலையைப் பிளக்குது" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே. இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கே அது கஷ்டமாகத்தான் இருக்கும். சரியான விடையைச் சொல்லாமல், "பக்கத்தில் இருக்கிறவரை உங்கட பக்கம் இழுங்கோ பாப்பம்" என்று விட்டுவிட்டு மேசைகளுக்கிடையே நடக்க வேண்டும். ஒருமுறை இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டது:

"டிசம்பர்ல மத்தியானம் கொடிக்கம்பத்து நிழல் லைப்ரரிப் பக்கம் விழும். ஜூன்ல கன்டீன் பக்கம் விழும். அப்ப நடுவில ஒரு நாள் அடியிலயே விழத்தானே வேணும்?"

"ஒரு நாள் இல்லையடி. போகேக்க ஒருக்கா, வரேக்க ஒருக்கா."

இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது. இரண்டாம் வாக்கில் சலாகை இடம் மாறியது. நாம் ஏறக்குறைய எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில் இருப்பதையும், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் அது நிகழ்வதையும், ஏப்ரல் வானிலை அறிவிப்பில் "சூரியன் உச்சம்" என்று சொல்வது இதைத்தான் என்பதையும் அதற்குப் பிறகு சொன்னேன். நாலு வசனம் போதுமாக இருந்தது.

இப்படி ஒரு கேள்வி அமைவது அதன் பிழையான விடைகளில் தங்கியிருக்கிறது. அவை பிள்ளைகளின் கொப்பிகளிலிருந்தும் பழைய விடைத்தாள்களிலிருந்தும் வர வேண்டும். வேடிக்கைக்காகப் போட்ட விடையை ஒருவரும் தெரிவுசெய்ய மாட்டார்கள், அந்த இடம் வீண். "ஒளித்தொகுப்பு நடைபெறும் பகுதி எது?" மாதிரியான ஞாபகக் கேள்விக்கு வாதமும் பிறக்காது. ஒரு பாடத்துக்கு இரண்டு கேள்வி தாராளம். பத்துக் கேள்வி போடுபவர் பரீட்சை வைக்கிறார், அது வேறு வேலை. கஹூட் போன்ற விளையாட்டு முறைகளில் வேகமாக அழுத்துபவருக்குக் கூடுதல் புள்ளி. வகுப்புக் கலகலக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறுதலாக யோசிக்கும் பிள்ளை அதில் தோற்றுக்கொண்டே இருக்கும்.

இனிக் கருவி. பழைய வகைகள் அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவை. முன்னால் ஒரு தலை மறைத்தாலே சமிக்ஞை போய்ச்சேராது. வாங்குவதென்றால் ரேடியோ அலையில் இயங்கும் வகையைக் கேளுங்கள். தமிழ் எழுத்துத் திரையில் சரியாக விழுகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். எங்கள் ஊர்க் கடற்காற்று பற்றரி முனைகளைச் சும்மா விடாது. விடுமுறைக்கு முன் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள்.

காசில்லாத பாடசாலைக்கு நான் சொல்வது பிளிக்கர்ஸ் அட்டை. கடதாசியில் அச்சிட்ட கறுப்புக் கட்ட உருவம் அது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு உருவம். அட்டையை எந்தப் பக்கம் மேலே வரப் பிடிக்கிறார்கள் என்பதே விடை. உருவங்கள் வெவ்வேறு என்பதால் பார்த்தடிக்க முடியாது. ஆசிரியர் தன் போன் கமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை ஓட்டினால் எண்ணிக்கை வந்துவிடும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற எங்கள் ஒழுங்குக்கும் இது பொருந்தும். மினுங்கும் லமினேட் மட்டும் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கமரா தடுமாறும். அட்டையில் இருப்பது ஏ, பி, சி, டி. எங்கள் பரீட்சைத் தாளில் 1, 2, 3, 4. சின்ன வகுப்பென்றால் ஓரத்தில் பேனையால் இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். உயர்தர வினாவுக்கு ஐந்து விடைகள் என்பதால், அதைப் பயன்படுத்தும்போது பிழையான விடை ஒன்றைக் கழித்துவிட வேண்டியதுதான்.

நூலகத்தில் இதன் பயன் வகுப்பறையைவிடக் கூட என்று எனக்குத் தோன்றுகிறது. புதுமுக மாணவருக்கான நூலக அறிமுகத்தில் ஒரு மணித்தியாலம் பேசி, அலுமாரிகளைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவதுதான் வழக்கம். நூலகர் ஒருவரோடு சேர்ந்து அதை மாற்றிப் பார்த்தோம். முதல் கேள்வி, புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கும் பகுப்பிலக்கம் பற்றியது: "முதுகில் 894.811 என்று ஒட்டியிருக்கும் புத்தகம் எதைப் பற்றியது?" அது தமிழ் இலக்கியம் என்று வாக்கெடுப்புக்குப் பிறகு தெரிந்ததும், சிலர் எழும்பிப் போய் 954.93இல் என்ன இருக்கிறது என்று தாங்களே பார்த்தார்கள். அங்கே இருப்பது இலங்கை வரலாறு. அடுத்த கேள்வியில்தான் சண்டை தொடங்கியது: இணையத்தில் எடுத்த பந்தியில் சில சொற்களை மாற்றி, எடுத்த இடத்தைச் சொல்லாமல் ஒப்படையில் சேர்ப்பது கருத்துத் திருட்டா? "இல்லை" என்றவர்கள் ஏராளம். கையுயர்த்தச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நல்ல பிள்ளைகளாக "ஓம்" என்றிருப்பார்கள்.

தமிழ், சிங்கள மாணவர் கலந்திருக்கும் இடங்களில் இன்னொரு வசதியும் உண்டு. கேள்வியை இரு மொழியிலும் திரையில் போட்டுவிட்டால், பதில் வெறும் எழுத்துத்தான். மற்ற மொழியில் பேசக் கூச்சப்படுபவரும் முதல் வாக்கிலேயே கலந்துகொள்கிறார்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது, இந்த வாக்குக்குப் புள்ளி போடுவது. போட்ட நாளிலிருந்து பிள்ளைகள் பார்த்தடிக்கத் தொடங்குவார்கள், உங்களுக்குக் கிடைக்கும் வரைபு பொய்யாகிவிடும். பெரிய விரிவுரைகளில் வரவு எடுக்கப் பயன்படுத்தினால் ஒருவரே நண்பர்களின் கருவிகளையும் அழுத்துவார், இது உலகம் முழுக்க நடப்பது. செயலிகளில் பிள்ளைகளின் முழுப் பெயரை ஏற்றவும் தேவையில்லை. அந்தத் தரவு வெளிநாட்டுச் சேவையகத்தில்தான் போய் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்களிடமும் இருக்கிறது. அட்டை இலக்கம் போதும். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் உங்கள் மேசை லாச்சியில் இருக்கட்டும்.

இன்னொன்று, பாடத்தோடு சம்பந்தமில்லாதது என்றாலும் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டியது. மலிவான கருவிகள் சிலவற்றில் நாணயம் போன்ற வட்டப் பற்றரி இருக்கும். பின்மூடி திருகாணியால் பூட்டப்படாத கருவியைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பற்றரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையான எரிகாயம் உண்டாகலாம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், மலத்தோடு வெளியேறும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எந்தப் பற்றரி என்று வைத்தியர் கேட்பார், அதே வகைக் கருவி ஒன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.