ஒரே பாளை, இரண்டு முட்டி

"ஒரே மரத்துச் சாறு சுண்ணாம்பு முட்டியில் இறங்கினால் தெளுவு, வெறும் முட்டியில் இறங்கினால் கள். அந்தச் சுண்ணாம்பு அப்படி என்னதான் செய்கிறது?" என்று காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். பதநீரைத்தான் நம் பக்கம் தெளுவு என்போம்; முட்டி என்பது சாறு பிடிக்க மரத்தில் கட்டும் மண்கலயம், சுண்ணாம்பு முட்டி என்றால் உள்ளே சுண்ணாம்பு பூசியது.

பாளைக்குள் இருக்கும் சாற்றில் போதை துளியும் கிடையாது. நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். ஈஸ்ட் வெளியிலிருந்து வருகிறது: பாளை சீவும் அரிவாள், பூச்சிகள், எல்லாவற்றுக்கும் மேலாக நேற்றைய கசடு ஒட்டிய மண்முட்டி. பாலுக்கு உறை ஊற்றிய மாதிரிதான். மீதி பள்ளிக்கூடப் பாடம்: ஈஸ்ட் என்ற நுண்ணுயிரி சர்க்கரையைத் தின்று எத்தனாலாக, அதாவது போதை தரும் சாராயமாக, மாற்றும். 12 சதவீதச் சர்க்கரை முழுக்க மாறினால் கன அளவில் 8 சதவீத எத்தனால் வர வேண்டும். லாக்டிக், அசிட்டிக் பாக்டீரியாக்களும் பங்குக்கு வருவதால் அவ்வளவு தேறாது. மேலும் விட்டால் காடிதான்.

இனி சுண்ணாம்பு. ஈஸ்ட் செல் தன் சக்தியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். கிணற்று நீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றுவதுபோல. அந்த அயனிகள் திரும்ப உள்ளே பாயும்போது அமினோ அமிலத்தையும் பாஸ்பேட்டையும் கூடவே இழுத்து வரும். ஈஸ்டுக்கு இதமான பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4 முதல் 6. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். 12-க்கு மேல். அந்தக் காரம் வெளியே வந்த அயனிகளை அப்படியே விழுங்கிவிடுகிறது. தொட்டியில் ஓட்டை, எவ்வளவு இறைத்தாலும் நிற்காது. போதாக்குறைக்கு, சாற்றிலிருக்கும் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். பக்கத்திலேயே சர்க்கரை குவிந்து கிடக்க, ஈஸ்ட் பட்டினி!

ஆனால் சுண்ணாம்பு ஈஸ்டைக் கொல்வதில்லை, கட்டிப்போடுகிறது, அவ்வளவே. வாங்கி நாளான, காற்றுப்பட்ட சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்து வெறும் கால்சியம் கார்பனேட்டாகிவிடும். அதைப் பூசினால் மதியத்துக்குள் நுரை தள்ளும். பூச்சு மெல்லியதாக இருந்தாலும் பாக்டீரியா சுரக்கும் அமிலம் அதைத் தின்று தீர்த்துவிடும். அதிகம் பூசினாலோ நாக்கு வெந்துபோகும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் பேசப்படும் நீராவுக்கு, அதாவது புளிக்காத தென்னஞ்சாற்றுக்கு, வழி வேறு: காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பனிக்கட்டிப் பெட்டி. குளிரில் ஈஸ்ட் தூங்கும், சுண்ணாம்பு வேண்டாம். பனைக்கும் அப்படி ஒன்று செய்ய யாராவது பணம் ஒதுக்கினால் புண்ணியம். உயர்ந்த மரத்தில் நாளுக்கு இருமுறை ஏறுபவருக்குப் பனிக்கட்டி சுமக்கச் சொல்வது நடக்கிற காரியமில்லை; பி.எச். தாளாவது கொடுக்கலாம்.

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. கள்ளுக்கடைகள் கடைசியாக மூடப்பட்டது 1987-இல். சட்டத்தின் கண்ணில் பானத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்பது முட்டிக்குள் தடவிய அந்த வெள்ளைப் பூச்சுதான். டாஸ்மாக்கில் 42.8 சதவீத எத்தனால் கொண்ட பாட்டில் விற்கிற ஊரில் இதை வேடிக்கை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கருப்பட்டி காய்ச்சுபவருக்குச் சோதனைத் தாளே தேவையில்லை. ஈஸ்ட் விழித்துவிட்டால் முதல் வேலையாக சுக்ரோஸை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாக வெட்டிப்போடும். இவை எளிதில் படிகமாகாது. எவ்வளவு விறகு எரித்தாலும் பதம் வராமல், பாகு பிசுபிசுவென்றே கிடக்கும்.