பால்வினை நோய்: பெயருக்குள் ஒரு பழி

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குப் பாலியல் நலம் சொல்லித்தரும் வகுப்புகளில், கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடச் சொல்வேன். பெயர் எழுத வேண்டாம். வாய் கேட்கக் கூசுவதைக் கை எழுதிவிடும். அப்படி ஒருநாள் எட்டாக மடித்த சீட்டு ஒன்று வந்தது. பென்சிலில் இரண்டு வரி. முதல் வரி: "பால்வினை நோய்னா பால் குடிச்சா வருமா?" அடுத்த வரி, இன்னும் சின்ன எழுத்தில்: "தப்பு பண்ணாதவங்களுக்கும் வருமா?"

முதல் வரியைப் படித்தபோது வகுப்பு சிரித்தது. இரண்டாவதைப் படித்ததும் சத்தம் அடங்கிவிட்டது.

அன்று இரவு அந்தச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு கேள்வியும் நான் வகுப்பில் சொன்ன எதிலிருந்தும் வரவில்லை. கரும்பலகையில் நான் எழுதிய தலைப்பிலிருந்து வந்திருந்தன. 'பால்' முதல் கேள்வியைத் தந்திருக்கிறது, 'வினை' இரண்டாவதைத் தந்திருக்கிறது. இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் அடுத்த வகுப்புக்குப் போகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சரி, சொல் எதைக் குறிக்கிறது? உடலுறவின் மூலம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் கிருமிகளையும், அவற்றால் வரும் பாதிப்புகளையும். பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி என்று 30க்கும் மேற்பட்டவை இந்த வழியில் பரவும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவற்றில் அதிகம் பரவுபவை எட்டு. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைகோமோனியாசிஸ் ஆகிய நான்கும் மருந்தால் குணமாகிவிடும். ஹெபடைடிஸ் பி, ஹெர்பிஸ், எச்.ஐ.வி., எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) ஆகிய மற்ற நான்கும் வைரஸால் வருபவை. இவற்றில் எச்.ஐ.வி.யையும் ஹெர்பிஸையும் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். ஹெபடைடிஸ் பி-க்கும் எச்.பி.வி.க்கும் தடுப்பூசி இருக்கிறது. குணமாகக்கூடிய அந்த நான்கு மட்டுமே, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில், உலகம் முழுக்க ஒரே நாளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை புதிதாகத் தொற்றுகின்றன. இவ்வளவு சாதாரணமான ஒன்றுக்கு வாய்த்த பெயர்களைப் பார்த்தால்தான் மனசு கனத்துப் போகிறது.

அடுத்தவர் தலையில் கட்டிய பெயர்கள்

ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'வெனிரியல் டிசீஸ்'. வீனஸ் என்பது ரோமர்களின் காதல் தெய்வம். அவளுக்கு உரியது என்பதுதான் 'வெனிரியல்' என்பதன் நேர்ப்பொருள். காதலித்தாயா, அனுபவி என்கிற மாதிரியான பெயர்.

சிபிலிஸின் கதை இன்னும் மோசம். 1495 வாக்கில், நேப்பிள்ஸ் மீது படையெடுத்த பிரெஞ்சு மன்னனின் வீரர்களிடையே அது பெரிதாகப் பரவியது. இத்தாலியர்கள் அதை 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். ரஷ்யர்கள் 'போலந்து நோய்' என்றார்கள். 1530ல் ஜிரோலாமோ ஃபிராகாஸ்டோரோ என்ற இத்தாலிய மருத்துவர் லத்தீனில் ஒரு நெடும்பாட்டு எழுதினார். அதில் சிபிலஸ் என்ற மேய்ப்பன் சூரியக் கடவுளைப் பழித்ததற்காக இந்த நோயால் தண்டிக்கப்படுகிறான். அந்த மேய்ப்பனின் பெயர்தான் நோய்க்கு நிலைத்தது. தண்டனை என்ற எண்ணம் பெயருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

நாமும் இதைத்தான் செய்தோம். 'பறங்கிப்புண்' என்று பழைய அகராதிகளில் ஒரு சொல் உண்டு. பறங்கி என்றால் ஐரோப்பியர். 'ஃபிராங்க்' என்ற இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த வடிவம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பாவப்பிரகாசம்' என்ற வடமொழி மருத்துவ நூலும் இதை 'ஃபிரங்க ரோகம்' என்றே குறிக்கிறது. நம் புண்ணுக்கு வெளியூர்க்காரன் பொறுப்பு.

பேச்சுத் தமிழில் இன்னொரு பெயர் இன்றைக்கும் புழங்குகிறது: 'பொம்பளைச் சீக்கு'. இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆணின் உடலில் வந்த தொற்றுக்கும் பெண் மேல் பழி போடும் பெயர். கணவனிடமிருந்து தொற்று வாங்கிய மனைவியை இந்தப் பெயர் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இவற்றுக்கு நடுவே 'மேகநோய்' மட்டும் யாரையும் குற்றம் சொல்லாத சொல். மேகம் என்றதும் வானத்து முகில் நினைவுக்கு வரும். ஆனால் இது அந்த மேகம் இல்லை. சிறுநீர் தொடர்பான 'மேஹ' என்ற வடசொல், தமிழில் 'மேகம்' ஆனது. முகிலைக் குறிக்கும் 'மேக'வும் தமிழ் எழுத்தில் அதே வடிவம் எடுத்ததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. நீரிழிவை 'மதுமேகம்' என்று சித்த மருத்துவத்தில் சொல்வதும் இதே மேகம்தான். பழி இல்லாவிட்டாலும் துல்லியம் போதாது. சிறுநீர் வழியில் தெரிந்த எரிச்சல், ஒழுக்கு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிய சொல் அது. எது எதிலிருந்து வருகிறது என்று நுண்ணோக்கி காட்டாத காலத்தில் வேறு வழியில்லை. கொனோரியாவின் கிருமியையே ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1879ல்தான் கண்டார்.

பால், வினை, நோய்

'பால்வினை நோய்' இந்தப் பின்னணியில் வந்த சொல். முன்பிருந்தவற்றோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம். இதை ஆக்கியவர்கள் நடுநிலையான ஒரு சொல்லைத்தான் தேடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

'பால்' என்றால் பகுதி, கூறு. 'பகு' என்பதோடு உறவுள்ள சொல். அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் என்னும்போது பிரிவைக் குறிக்கிறது. ஆண்பால், பெண்பால் என்னும்போது இலக்கண வகுப்பைக் குறிக்கிறது. அங்கிருந்துதான் உடல்சார்ந்த பாலுக்கு வந்தது. குடிக்கிற பாலோடு ஒலி ஒற்றுமை தவிர ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு இதை இரண்டே நிமிடத்தில் விளக்கிவிடலாம், சிக்கல் தீர்ந்தது.

'வினை' அப்படித் தீராது. இலக்கணத்தில் அது வெறும் செயல்தான்: வினைச்சொல், கைவினை, வினைத்தொகை. ஆனால் வீட்டில் பிள்ளைகள் கேட்டு வளரும் வினை வேறு. தீவினை. முன்வினை. "வினை விதைத்தவன் வினை அறுப்பான்." "வினையை விலைக்கு வாங்கிட்டான்." இத்தனையும் காதில் ஒலிக்கும் ஒரு பிள்ளையிடம் 'பால்வினை நோய்' என்று சொன்னால், அது 'நீ செய்ததற்கு நீ அனுபவிப்பது' என்றுதான் கேட்கும். அந்தச் சீட்டின் இரண்டாவது வரி அங்கிருந்துதான் வந்தது.

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில்: வரும். சிபிலிஸ் உள்ள தாயிடமிருந்து வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் போகும். எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் ரத்தம் வழியாகவும் போகும். திருமணமாகி ஒரே துணையோடு வாழ்கிறவருக்கும் வரலாம். விருப்பமில்லாமல் பலவந்தத்துக்கு ஆளான பிள்ளைக்கும் வரலாம். அந்தப் பிள்ளையிடம் போய் 'உன் வினை' என்று எந்த மொழியில் சொல்ல முடியும்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விரும்பி உறவு கொண்டவருக்கு வந்தாலும் அது தண்டனை ஆகாது. கிருமிக்கு நல்லவர் கெட்டவர் தெரியாது.

மூன்றாவது துண்டு 'நோய்'. இதில் ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது, பல காலம் நானே கவனிக்காதது. நோ, நோவு, நோதல், நோய் எல்லாம் ஒரே வேர். வலிப்பதுதான் நோய். ஆனால் இந்தத் தொற்றுகள் பெரும்பாலும் வலிப்பதில்லை. கிளமிடியா உள்ள பெரும்பாலானோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. கவனிக்காமல் விட்டால் பின்னாளில் கருத்தரிப்பதையே பாதிக்கலாம். சிபிலிஸின் முதல் புண் வலிக்கவே வலிக்காது. சில வாரங்களில் தானாக ஆறியும் விடும். ஆறியது புண்தான், கிருமி உள்ளேயே இருக்கும். 'எனக்கு ஒண்ணும் நோகலையே, அப்போ நோய் இல்லை' என்று ஒரு பிள்ளை நினைத்தால், தமிழ்ச் சொல்லின் வேரை அது சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது. தவறு சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதே காரணத்துக்காகத்தான் பெயர் மாறியது. வி.டி. (வெனிரியல் டிசீஸ்) என்றிருந்தது எஸ்.டி.டி. (செக்ஷுவலி டிரான்ஸ்மிட்டட் டிசீஸ்) ஆயிற்று, அப்புறம் எஸ்.டி.ஐ. ஆயிற்று; அந்த 'ஐ' இன்ஃபெக்ஷன். கடைசி எழுத்து மாற்றம் சின்னதாகத் தெரியும். 'நோய்' போய் 'தொற்று' வந்திருக்கிறது. அறிகுறி இல்லாமலும் கிருமி இருக்கலாம், பரவலாம் என்பதை அந்த ஒரு எழுத்து சொல்கிறது.

எந்தச் சொல் பொருந்தும்?

'தொற்று' அழகான சொல். தொற்றிக்கொள்வது, பற்றிக்கொள்வது. குழந்தை அம்மாவின் இடுப்பில் தொற்றிக்கொள்ளும் என்போமே, அந்தத் தொற்று. பேச்சில் 'தொத்து'. ஆங்கிலத்து 'இன்ஃபெக்ஷ'னுக்கு லத்தீன் வேரில் சாயத்தில் தோய்த்தல், கறைப்படுத்தல் என்ற பொருள்கள் உண்டு. நம் தொற்றில் கறை இல்லை. தமிழில் 'ஒட்டுவாரொட்டி' என்றும் ஒரு சொல் உண்டு, ஒட்டுகிறவரை ஒட்டிக்கொள்வது என்று. கொரோனா காலத்துக்குப் பிறகு 'தொற்று உறுதியானது' என்பதை எல்லோரும் வெட்கமின்றிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வெட்கமின்மை இங்கே தேவை.

முன்னொட்டாக என்ன வைப்பது? 'பாலியல் தொற்று' என்று பலர் எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் செய்தித்தாள் 'பாலியல்' என்ற சொல்லைக் குற்றச் செய்திகளோடு சேர்த்தே அச்சிட்டுப் பிள்ளைகளின் காதில் அதை ஒரு பயங்கரச் சொல்லாக்கிவிட்டது. நான் 'பாலுறவுத் தொற்று' என்பதை எடுத்துக்கொண்டேன். முதல் முறை 'பாலுறவு வழியாகப் பரவும் தொற்று' என்று நீட்டிச் சொல்லிவிட்டு, பிறகு சுருக்கமாக. வழியைச் சொல்கிறது, வினையைச் சொல்லவில்லை. வழி தெரிந்தால் அடைக்கும் வகையும் தெரியும்: ஆணுறை, தடுப்பூசி, சோதனை, துணைவர் இருவரும் சேர்ந்தே சிகிச்சை எடுப்பது. ஆணுறை தொற்று வாய்ப்பை வெகுவாகக் குறைக்கும். ஆனால் ஹெர்பிஸும் எச்.பி.வி.யும் அது மூடாத தோல் வழியாகவும் பரவலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

'உறவு' என்ற சொல்லைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வினையை ஒருவரே செய்துவிடலாம், உறவுக்கு இருவர் வேண்டும். அந்த இருவரின் விருப்பம் பற்றிய பேச்சு உடனே வந்துவிடும். ஆங்கிலத்தில் 'கன்சென்ட்' என்பது, சேர்ந்து உணர்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. நாம் 'சம்மதம்' என்கிறோம்: சம், மதம், ஒத்த எண்ணம். பொருளில் குறையில்லை. ஆனால் அதன் பின்னாலேயே "மௌனம் சம்மதம்" என்ற வாக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது. வகுப்பில் நான் முதலில் உடைக்க வேண்டியிருப்பது அதைத்தான். பயந்து பேசாமலிருப்பவரும் மௌனம்தான். தூங்குபவரும், போதையில் இருப்பவரும் மௌனம்தான்.

அதனால் வகுப்பில் 'இசைவு' என்று எழுதுகிறேன். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். ஒருவர் மட்டும் இசைந்தால் இசைவு ஆகாது. நேற்று இசைந்தவர் இன்று இசையாமல் இருக்கலாம், பாதியிலும் மனம் மாறலாம். ஆணுறையோடு என்று இசைந்தவரிடம் அதைக் கழற்றிவிட்டுத் தொடர்ந்தால் அங்கே இசைவு முறிந்துவிட்டது. தொற்றுக்கான வழியும் திறந்துவிட்டது. குறிப்பிட்ட வயதுக்குக் கீழே இருப்பவர் 'சரி' என்றாலும் சட்டம் அதை இசைவாக ஏற்காது என்பதையும், அந்த வயது நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

தலைப்பை மாற்றி எழுதிய பிறகு நடந்த வகுப்பிலும் சீட்டுகள் வந்தன. பால் குடிப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "டெஸ்ட் எடுக்க எத்தனை நாள் ஆகணும்? உடனே போனா தெரியுமா?"

உடனே போனால் தெரியாமல் போகலாம் என்றேன். கிளமிடியா, கொனோரியாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் சோதனையின் வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அதற்காக மருத்துவரைப் பார்க்க அதுவரை காத்திருக்கக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற பயம் இருந்தால், அல்லது யாராவது பலவந்தம் செய்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் போனால் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம். 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. 72 என்ற எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். பின்வரிசையில் யாரோ அதை நோட்டில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.