"பேச்சு வரலை" என்றால் எது வரவில்லை?

"குழந்தைக்குப் பேச்சு சரியா வரலை" என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலான பெற்றோர் பேச்சு-மொழிப் பயிற்சி தரும் எங்களிடம் வருகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கலாம், பயிற்சியும் அதற்கேற்ப மாறும். முதல் நாளே பயிற்சியைத் தொடங்காமல் நாங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்பது அதனால்தான்.

பேச்சுக் குறைபாடு என்பது ஒலியை உண்டாக்குவதில் வரும் சிக்கல். 'ரயில்' என்பதை 'லயில்' என்று சொல்லும் குழந்தைக்கு அந்தச் சொல்லும் பொருளும் தெரியும், 'ர' மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மூன்று வயதில் இது இயல்பு. ஏழு, எட்டு வயதிலும் தொடர்ந்தால் காட்டிவிடுவது நல்லது. திக்குவதும் குரல் கம்முவதும்கூட இந்த வகைதான்.

மொழிக் குறைபாடு வேறு. இங்கே ஒலி தெளிவாகவே இருக்கலாம். சொல்வளம் குறைவாக இருக்கும், வாக்கியம் கோவையாக வராது, அல்லது அடுத்தவர் சொல்வது புரியாது. "அவனுக்கு எல்லாம் புரியும், பேசத்தான் மாட்டேங்கிறான்" என்பார்கள். சரி, பார்க்கலாம் என்று, கையை நீட்டாமல், அந்தப் பக்கம் பார்க்காமல், "பந்தை நாற்காலிக்கு அடியில வை" என்று அம்மாவைச் சொல்லச் சொல்வேன். பந்தை எடுத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நிற்கும் குழந்தைகள் உண்டு. வீட்டில் அவர்களுக்குப் புரிந்ததில் பாதி, நம் கைஜாடைதான்.

காது கேட்கிறது, ஆட்டிசம் இல்லை, அறிவுத்திறன் குறைபாடும் இல்லை, ஆனாலும் மொழி மட்டும் பின்தங்கிவிடும் நிலைக்கு 'வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு' என்று பெயர். 2017-இல்தான் நிபுணர்கள் கூடி இந்தப் பெயரை முடிவு செய்தார்கள். முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேருக்கு இருக்கலாம். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பட்டம் 'மக்கு'.

தொடர்பாடல் குறைபாட்டில் சொல்லும் வாக்கியமும் இருக்கும், அவற்றை அடுத்தவரோடு பேசப் பயன்படுத்துவதில்தான் தடுமாற்றம். "பேர் என்ன?" என்று கேட்டால் "பேர் என்ன" என்றே திரும்பச் சொல்வது ஓர் உதாரணம்.

பெரியவர்களிடமும் இதே குழப்பம் உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு நாக்கும் உதடும் தளர்ந்து பேச்சு குழறினால் அது டிஸ்ஆர்த்ரியா. மூளையில் மொழிப்பகுதியே பாதிக்கப்பட்டால் அஃபேசியா. 1861-இல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த நோயாளி எதைக் கேட்டாலும் 'டான்' என்றுதான் சொன்னார், ஆனால் கேட்டதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்தது. அஃபேசியா வந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "இவருக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேசும் உறவினர்களை அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனை. "கதவு சாத்தினா திரும்பிப் பார்க்கிறானே" என்பது போதாது. கதவுச் சத்தம் கேட்கிற காதிலும் 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய ஒலிகள் விழாமல் போகலாம்.