ஒரு நாளைக்கு 13 ஃபிரேம்கள்

1963-இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தின் இறுதிப் பகுதியில், மண்ணைப் பிளந்துகொண்டு எழும் ஏழு எலும்புக்கூடுகள் வாளும் கேடயமுமாக மூன்று வீரர்களோடு மோதுகின்றன. திரையில் சில நிமிடங்களே நீளும் அந்தச் சண்டைக்காக, பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்துப் படமெடுக்கும் கலைஞரான ரே ஹாரிஹவுசன் ஏறத்தாழ நான்கரை மாதங்கள் தனியாளாக உழைத்தார். சில நாட்களில் அவருக்குத் தேறியவை 13 ஃபிரேம்கள்தாம். அதாவது, அரை விநாடிக்குச் சற்றே கூடுதலான படம்.

ஸ்டாப் மோஷன் என்னும் இம்முறையின் அடிப்படை எளியது. பொம்மையை நூலிழை அளவு நகர்த்தி ஒரு ஃபிரேம் எடுத்து, மீண்டும் நகர்த்தி அடுத்ததை எடுத்து, விநாடிக்கு 24 ஃபிரேம்கள் வீதம் ஓடவிட்டால் பொம்மை தானே அசைவதாகக் கண் நம்பிவிடும். பொம்மைக்குள் உலோக எலும்புச் சட்டகம் ஒன்று உண்டு. அதன் மூட்டுகள், வைத்த இடத்தில் அப்படியே நிற்கும் அளவுக்கு இறுக்கமாகவும், விரல் பட்டால் இசையும் அளவுக்கு இளக்கமாகவும் இருக்க வேண்டும். ஹாரிஹவுசனுக்கு அந்தச் சட்டகங்களில் பலவற்றைக் கடைந்து தந்தவர் அவருடைய தந்தை.

1920-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த ஹாரிஹவுசன், 13 வயதில் 'கிங் காங்' படத்தைப் பார்த்து மயங்கி, பின்னாளில் அதன் உருவங்களை அசைத்த வில்லிஸ் ஓ'பிரையனிடமே உதவியாளராகச் சேர்ந்தார். ஓ'பிரையன், கண்ணாடிகளில் தீட்டிய காடுகளையும் சிற்றுருவ அரங்குகளையும் அடுக்கடுக்காக நிறுத்திப் படமெடுத்தவர். கண்ணைப் பறிக்கும் முறைதான். ஆனால் செலவும் ஆட்களும் மிகுதியாகத் தேவைப்பட்டன. சிறிய தயாரிப்புகளில் பணியாற்றிய சீடருக்கு அது கட்டுப்படியாகவில்லை. (1955-இல் அவர் செய்த ராட்சத ஆக்டோபஸுக்கே, செலவைக் குறைப்பதற்காக, ஆறு கைகள்தாம் வாய்த்தன.)

இந்த நெருக்கடியில் அவர் கண்ட வழி பின்னர் 'டைனமேஷன்' என்று விளம்பரப்படுத்தப்பட்டது. நடிகர்களை வைத்து முதலில் எடுத்த காட்சியை, ஒளி ஊடுருவும் திரையொன்றின் பின்புறமிருந்து ஒவ்வொரு ஃபிரேமாக வீழ்த்துவார். திரைக்கு முன்னே பொம்மை நிற்கும். கேமராவுக்கும் பொம்மைக்கும் இடையில் ஒரு கண்ணாடி. காட்சியில் எந்தத் தரையோ பாறையோ பொம்மைக்கு முன்னால் வர வேண்டுமோ, அந்தப் பகுதி மட்டும் கண்ணாடியில் கறுப்பாக மறைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஃபிலிமில் அந்த இடத்தில் ஒளி படாது. பொம்மையின் நடிப்பு முழுவதும் பதிவான பிறகு, பொம்மையை அகற்றிவிட்டு, ஃபிலிமைத் தொடக்கத்துக்குச் சுற்றி, முன்பு மறைத்ததைத் திறந்து, திறந்திருந்ததை மறைத்து, அதே காட்சியை மறுபடி ஒரு முறை ஓட்டுவார். விடுபட்ட முன்பகுதி இப்போது வந்து பொருந்திக்கொள்ளும். ஒரே காட்சியின் இரு பகுதிகளுக்கு நடுவே அந்தப் பொம்மை செருகப்பட்டுவிடும். இதற்கு ஒரு விலையும் இருந்தது: படத்தையே மறுபடி படமெடுப்பதால் நிறமும் துல்லியமும் சற்று மங்கும், பழகிய கண், உருவம் வருவதற்கு முன்பே அதன் வருகையை அறிந்துவிடும்.

எலும்புக்கூட்டுச் சண்டையில் நடிகர்கள் முதலில் சண்டைக் கலைஞர்களோடு ஒத்திகை பார்த்தார்கள். பிறகு எதிரில் ஆளில்லாமல் வெறுங்காற்றோடு போரிட்டார்கள். அந்தக் காற்றில் வாளைத் தடுக்கும் வாளை ஹாரிஹவுசன் பின்னர் வைத்தார். ஏழு உருவங்களுக்கும் தலை, கை, கால் என ஐந்து உறுப்புகள் வீதம் ஒரு ஃபிரேமுக்கு 35 அசைவுகள். ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர் ஒருவரே. என் பார்வையில், டைனமேஷனைவிட வியப்புக்குரியது இந்த நினைவாற்றல்தான்.

ஸ்டாப் மோஷனில் நெடுநாள் தீராத குறை ஒன்று இருந்தது. ஓடும் மனிதனைப் படமெடுத்தால், கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் திறந்திருக்கும் நொடித்துளியில் அவன் நகர்வதால் உருவம் சற்றுக் கலங்கிப் பதியும். அந்தக் கலங்கலையே கண் இயல்பான ஓட்டமாகக் கொள்கிறது. பொம்மையோ படமெடுக்கும் கணத்தில் அசையாது நிற்பதால் ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக விழுந்து, அசைவு வெட்டி வெட்டித் தெரியும். 1981-இல், ஹாரிஹவுசனின் கடைசி முழுநீளப் படம் வெளிவந்த அதே ஆண்டில், ஸ்டாப் மோஷன் கலைஞர் ஃபில் டிப்பெட்டும் அவரது குழுவினரும் கணினி இயக்கும் கம்பிகளால் ஷட்டர் திறந்திருக்கும்போதே டிராகன் பொம்மையை நகர்த்தி இதற்குத் தீர்வு கண்டார்கள்.

'ஜுராசிக் பார்க்' படத்துக்கும் டிப்பெட்டே அமர்த்தப்பட்டிருந்தார். ஆனால் டைனோசர்களைக் கணினியிலேயே உருவாக்குவது என்று முடிவாயிற்று. அங்கும் ஸ்டாப் மோஷன் கலைஞர்களின் விரல்கள் தேவைப்பட்டன. மூட்டுதோறும் உணரிகள் பொருத்திய உலோகச் சட்டகம் ஒன்றை அவர்கள் பழைய வழக்கப்படி கையால் நிலைமாற்ற, கணினி அந்தக் கோணங்களை வாங்கித் திரையிலுள்ள டைனோசருக்குக் கொடுத்தது. மேலே ரப்பரும் தோலும் இல்லாத அந்தக் கருவி, பார்வைக்கு வெறும் எலும்புக்கூடுதான்.